இரும்புக் கூரையும் பொது அலையும்

(கும்மிடிப்பூண்டியில் சிறுதொழில் நடத்துவோரும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைஃபை பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நகரத்து அலுவலகத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் அது வேகத்தில் ஆரம்பித்து வேகத்திலேயே முடிந்துவிடும். எத்தனை மெகாபிட், எந்தக் கம்பெனி ரவுட்டர், என்ன விலை என்று கேட்பார்கள். இங்கே நிலைமை வேறு. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தகரக் கூரை, இரும்புத் தூண், அடுக்கி வைத்த பில்லெட், தலைக்கு மேல் ஓடும் கிரேன். உருட்டு ஆலை ஷெட்டுகளின் பக்கங்கள் காற்றோட்டத்துக்காகத் திறந்தே கிடக்கும். ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். அந்தச் சுவர் ஆளைத் தடுக்கும், லாரியைத் தடுக்கும். அலையைத் தடுக்காது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். உங்கள் ஷெட்டில் வைஃபை தடுமாறுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, காற்றில் இருக்கிறது. அந்தக் காற்று உங்கள் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. அதனால் இன்னொரு விலையுயர்ந்த பெட்டி வாங்கி மாட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து ஷெட்காரரோடு உட்கார்ந்து பேசினால்தான் தீரும். ஏன் அப்படி என்பதை விளக்கத்தான் இந்த ஒரு மணி நேரம்.

முதலில் அடிப்படை. ஈதர்நெட் கேபிள் போட்டால் அந்தக் கேபிள் அந்த இரண்டு கருவிகளுக்கு மட்டும். வைஃபையில் அப்படித் தனிவழி கிடையாது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் கெட்டுப்போகும். இந்தச் சிக்கலை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் ஹவாய்த் தீவுகளில் இருந்தவர்கள். நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1971-ல் அங்கே அலோஹாநெட் என்ற வலைப்பின்னலை இயக்கினார்கள். தீவுகளுக்கு நடுவே கடல். கம்பி இழுக்க வழியில்லை. ரேடியோவில் கணினிகளை இணைத்தார்கள். விதி மிக எளியது. சொல்ல வேண்டியது வந்தவுடன் சொல்லிவிடு. பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொல். கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லோரும் இப்படி நினைத்த நேரத்தில் பேசினால் அந்த அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும். மீதி மோதலிலும் வெறுமையிலும் போய்விடும்.

வைஃபை அதிலிருந்து ஒரு படி மேலே வந்தது. பேசுவதற்கு முன் கேள் என்றது. இப்படிச் சொன்னால் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று ஏரிகளாலேயே ஆன மாவட்டம் இது. ஊர் ஏரியில் மடை திறந்தால் யார் வயலுக்கு முதலில், யார் வயலுக்கு அடுத்தது என்று பார்க்க நீர்க்கட்டி ஒருவர் இருப்பார். வைஃபை பிறந்தபோது அதற்கு நீர்க்கட்டி கிடையாது. ஒவ்வொரு கருவியும் தானாகவே காது கொடுத்துக் கேட்க வேண்டும். வாய்க்கால் சும்மா இருக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸில் 34 மைக்ரோ விநாடி அமைதியாக இருந்தால் போதும். அதன் பிறகும் உடனே பேசிவிடக் கூடாது. பூஜ்யத்திலிருந்து 15 வரை மனத்துக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 9 மைக்ரோ விநாடி என்று எண்ணிக் கழித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். அப்படியும் மோதினால் அடுத்த முறை குலுக்கும் எண்ணின் வரம்பு இரட்டிப்பாகும். 31, 63 என்று போய் 1023 வரை நீளும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கில் நடந்து முடிகிறது. உங்கள் கையில் இருக்கும் போன் இந்த நிமிடத்தில்கூட இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது, யாருக்கும் முன்னுரிமை இல்லை என்பது. பெரிய ஆலையின் ஒரு லட்ச ரூபாய்க் கருவியும் டீக்கடைக்காரர் போனும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

ஆனால் சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். முறை சமமே தவிர, முறை வந்தவர் எடுத்துக்கொள்ளும் நேரம் சமமில்லை. 1,500 பைட் அளவுள்ள ஒரு செய்தியை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 12 மில்லி விநாடி ஆகும். அதையே 54 மெகாபிட்டில் அனுப்பினால் கால் மில்லி விநாடிகூட ஆகாது. ஷெட்டின் கோடியில், சிக்னல் தேய்ந்துபோன இடத்தில், பழைய பார்கோடு ஸ்கேனர் ஒன்று முக்கி முனகி 1 மெகாபிட்டில் பேசினால், அது பேசி முடிக்கும் வரை அந்தச் சேனலில் உள்ள எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த ஸ்கேனர் உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சுவருக்கு அப்பால் இருந்தாலும் உங்கள் கருவி அதைக் கேட்கிறது என்றால் காத்துத்தான் ஆக வேண்டும். தொழில்முனைவோர் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். 'இணைய லைன் 200 மெகாபிட் எடுத்திருக்கிறேன் சார், இருந்தும் பில் ஏற மாட்டேன் என்கிறது' என்பார்கள். லைன் நன்றாகத்தான் இருக்கும். லைனிலிருந்து மேசைக்கு வரும் கடைசி 30 மீட்டர் காற்றில்தான் நெரிசல்.

இந்தக் காற்று எப்படிப் பொதுவுக்கு வந்தது என்பதும் தெரிய வேண்டும். அலைவரிசை என்றாலே உரிமம் என்பதுதான் பழைய சட்டம். நம் நாட்டில் 1885-ன் தந்திச் சட்டம், 1933-ன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் என்று கெடுபிடி நீண்டகாலம் இருந்தது. அமெரிக்காவில் 1985-ல் மூன்று அலைப் பட்டைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அதில் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் அங்கேதான், ஆகவே அது யாரும் பெரிதாக மதிக்காத பட்டையாக இருந்தது. கடைகளில் பில் போடும் இயந்திரம் செய்துவந்த என்.சி.ஆர். நிறுவனம், கடைக்குள் இயந்திரத்தை இடம் மாற்றும்போதெல்லாம் தரையைத் தோண்டிக் கேபிள் போட வேண்டியிருக்கிறதே என்று இதில் இறங்கியது. நெதர்லாந்திலிருந்த அவர்களுடைய பொறியாளர் விக் ஹேய்ஸ் 1990-லிருந்து பத்தாண்டுகள் ஐ-ட்ரிபிள்-இ அமைப்பின் 802.11 குழுவுக்குத் தலைமை வகித்தார். போட்டிக் கம்பெனிகளை ஒரே மேசையில் உட்காரவைத்து, 1997-ல் வைஃபையின் முதல் தரநிலையை வெளியிட வைத்தார். வேகம் வெறும் 2 மெகாபிட். ஆனாலும் எந்தக் கம்பெனிக் கருவியும் எந்தக் கம்பெனிக் கருவியோடும் பேசலாம் என்ற வழி அன்று பிறந்தது. தொழிற்சாலைக்காரர்களாகிய உங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எந்தக் கடையில் வாங்கிய நட்டும் எந்தக் கடையில் வாங்கிய போல்ட்டில் ஏறுகிறது என்றால் அதற்கும் ஒரு தரநிலைதான் காரணம்.

இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸை அப்போது கட்டடத்துக்குள் மட்டும் அனுமதித்தார்கள். 2018 அக்டோபரில் அது வெளியிலும் திறந்துவிடப்பட்டு, 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தது. 2025 மே மாதம் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கும், அதாவது 5925 முதல் 6425 வரைக்கும், வரைவு விதிகள் வந்தன. இந்த எல்லா அறிவிப்பின் அடியிலும் ஒரு நிபந்தனை இருக்கும். நீங்கள் பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் உங்களுக்கு இடையூறு வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது. இந்த அலை எனக்கு மட்டும் என்று சொல்லவும் முடியாது. பக்கத்து ஆலையின் வைஃபை உங்களைக் கெடுக்கிறது என்று நீங்கள் எந்த அலுவலகத்துப் படியேறினாலும் நியாயம் கிடைக்காது என்பதே இதன் பொருள். சட்டம் உங்கள் இருவரையும் ஒரே வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் அதைத் தொடர்ந்து பார்க்க அங்கே 'சி' பட்டை ரேடார்கள் இருக்கின்றன. நம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அந்த 'சி' பட்டையின் எல்லைக்குள்தான் வருகிறது. ரேடார்களோடு வைஃபை சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்காகவே 2003-ல் தரநிலையில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸின் நடுச் சேனல்களில் ஆக்சஸ் பாயின்ட், அதாவது அலையை வீசும் வைஃபை பெட்டி, முதலில் ஒரு நிமிடமாவது காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ரேடார்த் துடிப்பு கேட்டால் அந்தச் சேனலை விட்டு விலகிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் அப்படியே. சில சமயம் ஆக்சஸ் பாயின்ட் எதையோ ரேடார் என்று தப்பாக எடுத்துக்கொண்டும் சேனல் மாறும். அந்த நேரத்தில் இணைப்பு அறும். ஆகவே எடைமேடை, கேட் பாஸ் மாதிரி ஒரு விநாடியும் நிற்கக் கூடாத வேலைக்கு 36 முதல் 48 வரையோ 149-க்கு மேலேயோ உள்ள சேனல்களைக் கொடுங்கள். நடுச் சேனல்களை அலுவலக லேப்டாப்புகளுக்கு விடுங்கள்.

இப்போது இரும்புக்கு வருவோம்.

செங்கல் சுவர் அலையைக் கொஞ்சம் விழுங்கும். இரும்பு விழுங்காது, திருப்பி அடிக்கும். தகரக் கூரை, கிரேன் கர்டர், பில்லெட் அடுக்கு, கூலிங் பெட் எல்லாமே கண்ணாடிகள்தான் இந்த அலைக்கு. ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து புறப்பட்ட ஒரு சிக்னல் நேராக ஒருமுறை, கூரையில் பட்டு ஒருமுறை, தூணில் பட்டு ஒருமுறை என்று பல பாதைகளில், வெவ்வேறு தாமதத்தில் வந்து சேரும். இரண்டு அலைகள் ஏற்றத்தோடு ஏற்றமாகச் சேர்ந்தால் வலுக்கும். ஏற்றத்தோடு இறக்கமாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஆகவே ஸ்கேனரை நான்கு விரல் அகலம் நகர்த்தினாலே சிக்னல் முழுதாக இருக்கும் இடத்திலிருந்து செத்துப்போன இடத்துக்கு வந்துவிடலாம். நீங்கள் நகராமல் நின்றாலும் தலைக்கு மேல் கிரேன் நகர்ந்தால் போதும், கணக்கு முழுதும் மாறிவிடும். 'காலையில் வந்தது சார், மத்தியானம் வரவில்லை' என்று ஷிப்டு சூப்பர்வைசர் சொன்னால் அவர் சொல்வதை நம்புங்கள். காலையில் கிரேன் அந்தப் பக்கம் நின்றிருக்கும்.

இந்த எதிரொலித் தொல்லையை முதலில் பொறுத்துக்கொள்ளக் கற்றார்கள். ஒரே தடத்தில் வேகமாக அனுப்பாமல், செய்தியைப் பல மெல்லிய தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெதுவாக அனுப்பி, இரண்டு சொல்லுக்கு நடுவே 0.8 மைக்ரோ விநாடி இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் அலை 240 மீட்டர் போகும். அதாவது நேராக வந்த அலைக்கும் சுற்றி வந்த அலைக்கும் 240 மீட்டர் வரை பாதை வித்தியாசம் இருந்தாலும் ஒரு சொல் அடுத்த சொல்லின் மேல் விழாது. வைஃபை 6-ல் அந்த இடைவெளியை 3.2 மைக்ரோ விநாடி வரை நீட்டலாம். பெரிய ஷெட்டுக்காரர்களுக்கு உண்மையில் பயன்படும் மாற்றம் இது. விளம்பரத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

பொறுத்துக்கொள்வது ஒரு கட்டம். எதிரொலியையே செல்வமாக மாற்றியது அடுத்த கட்டம். அதைச் செய்தவர்களில் முன்னால் நிற்பவர் நம் தமிழ்நாட்டுக்காரர். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதினைந்து வயதில் தேசிய பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்து கடற்படைக்குப் போனார். 1971 டிசம்பர் 9-ம் தேதி, போரின்போது, டையூ கடலுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி என்ற நம் போர்க்கப்பலை பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீருக்கடியில் இருக்கும் எதிரியைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் சோனார் நம்மிடம் போதாது என்பது அந்த இழப்பில் பளிச்சென்று தெரிந்தது. பால்ராஜ் அந்தச் சோனாரைச் சீர்படுத்தும் பணியில் இறங்கினார். பின்னர் கொச்சியில் ஒரு குழுவை வைத்து 'அப்சோ' என்ற முழு சோனாரையே இங்கேயே வடிவமைத்தார். 1980-களில் அது நம் போர்க்கப்பல்களில் ஏறியது.

கடலுக்கடியில் ஒலி எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே நீர்ப்பரப்பு, கீழே கடல்தரை, இரண்டிலும் மோதி மோதி எதிரொலி. அந்தக் குழப்பத்தில் எந்தத் திசையிலிருந்து எது வந்தது என்று, வரிசையாக வைத்த பல காதுகளைக் கொண்டு பிரித்தெடுப்பதே அவருடைய தொழில். 1991-ல் கமடோராக ஓய்வுபெற்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அந்த அறிவோடுதான் போனார். மறு ஆண்டே, அனுப்பும் பக்கம் பல ஆண்டெனா, வாங்கும் பக்கம் பல ஆண்டெனா வைத்தால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு செய்திகளை அனுப்பிப் பிரித்தெடுக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். அவருக்கும் அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் கைலாத்துக்கும் 1994-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தொடக்கத்தில் இது நடக்காத காரியம் என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். பெல் ஆய்வகத்தில் ஃபோஷினி போன்றவர்கள் தனி வழியில் இதே திசையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2009-ல் வைஃபை 4 வந்தபோது அந்த உத்தி தரநிலைக்குள் நுழைந்தது. மைமோ என்று இன்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது அதைத்தான். 2014-ல் பால்ராஜுக்கு மார்க்கோனிப் பரிசு கொடுத்தார்கள்.

ஐ.டி.ஐ. மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பல ஆண்டெனா உத்தி வேலை செய்ய, பாதைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்க வேண்டும். வெட்டவெளி வயலில் நேர்ப்பாதை ஒன்றுதான் இருக்கும், அங்கே இந்த உத்திக்குப் பிடிமானம் குறைவு. அலை பட்டுத் தெறிக்கப் பொருள்கள் நிறைந்த இடத்தில்தான் அதற்குச் சாப்பாடு. ஆக, எந்த இரும்பை நாம் வைஃபைக்கு எதிரி என்று நினைத்தோமோ, அந்த இரும்பு நிறைந்த ஷெட்டில் நல்ல மைமோ கருவி, ஆண்டெனாக்களைச் சரியாகப் பரப்பி வைத்தால், வெறும் மைதானத்தில் ஓடுவதைவிட வேகமாக ஓடவும் வாய்ப்புண்டு. குக்ரியில் போன உயிர்களுக்கும் நம் பில்லெட் யார்டில் ஓடும் ஸ்கேனருக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருப்பதை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

பில்லெட் யார்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, ஓர் ஆலையில் பார்த்ததைச் சொல்கிறேன். யார்டில் ஆள் உயரத்துக்கு பில்லெட் அடுக்கு. ஒரு பையன் ஸ்கேனரோடு அலுவலக அறை வாசலிலிருந்து நடக்கத் தொடங்குகிறான். வாசலில் சிக்னல் மைனஸ் 45 டி.பி.எம்., நல்ல பலம். இருபதடி நடந்து அடுக்குக்குப் பின்னால் திரும்பியதும் மைனஸ் 78, சிக்னல் தேய்ந்துவிட்டது. அவன் தலைக்கு நேர் மேலே, தூணில், இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் பச்சை விளக்கோடு எரிகிறது. ஸ்கேனர் அதைப் பிடிக்கவில்லை. அறை வாசலில் பிடித்த பழைய பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏனென்றால், வைஃபையில் எப்போது மாறுவது என்று முடிவுசெய்வது கையில் இருக்கும் கருவிதான், ஆக்சஸ் பாயின்ட் இல்லை. அந்தப் பையன் ஸ்கேனரை அணைத்துப் போட்டான். உடனே பக்கத்துப் பெட்டியைப் பிடித்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் அவன் இப்படித்தான் செய்துகொண்டிருந்தான். கணினித் துறையில் பட்டம் வாங்கியவர்கள் கண்டுபிடிக்காத வழியை அவன் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அங்கே செய்த மாற்றங்கள் எளியவை. பெட்டிகளின் சக்தியைக் குறைத்தோம். பலருக்கு இது விளங்காது. சிக்னல் போதவில்லை என்றால் கூட்ட வேண்டும் அல்லவா என்பார்கள். ஆக்சஸ் பாயின்ட் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் ஸ்கேனரின் குரல் சின்னதுதான், அது திரும்பக் கேட்காது. அலுவலகப் பெட்டியின் சக்தியைக் குறைத்ததும் அது யார்டு வரை எட்டுவது நின்றது, ஸ்கேனர் நேரத்தோடு விட்டுவிட்டது. 1, 2 மெகாபிட் பழைய வேகங்களை மூடினோம். பக்கத்தில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று கருவிக்குச் சொல்லிக்கொடுப்பது, சாவியை முன்கூட்டியே தயார்செய்து நொடியில் மாறவிடுவது என்று தரநிலையில் 2008-லேயே சேர்ந்த வசதிகளைத் திறந்துவிட்டோம். அவை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் முதலிலிருந்தே இருந்தன. யாரும் தொட்டதில்லை.

எதற்கு வைஃபை வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை இதில் கட்டாதீர்கள். அதற்குக் கம்பிதான், அல்லது பாதுகாப்புக்கென்றே சான்று பெற்ற அமைப்புதான். கிரேன் ரிமோட்டுக்கு 335 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தனி அலைகளையே அரசு ஒதுக்கியிருக்கிறது, அதை 2.4-ல் கொண்டுவந்து நெரிசலில் தள்ள வேண்டாம். உலை வெப்பம், தண்ணீர்த் தொட்டி மட்டம், மின்மீட்டர் இவையெல்லாம் நிமிடத்துக்கு ஒரு எண் அனுப்பினால் போதும். 865 மெகாஹெர்ட்ஸ் பட்டை அதற்கு உரிமம் இல்லாமல் கிடைக்கிறது. அலை நீளம் அதிகம், இரும்பைச் சுற்றி வளைந்து போகும், பேட்டரியும் வருடக்கணக்கில் வரும். வைஃபைக்கு வைஃபை செய்ய வேண்டிய வேலையை மட்டும் கொடுத்தால் அது ஒழுங்காகச் செய்யும்.

தரநிலை என்பது வேதம் இல்லை, தேவைப்பட்டால் திருத்தலாம் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலிருந்த குழுவும் சேர்ந்து, சுற்று வட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை இதே மலிவு வைஃபை அட்டைகளால் மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்த நோயாளி தேனியில் இருக்கும் மருத்துவரோடு வீடியோவில் பேசினார். தூரம்தான் தடையாக இருந்தது. அலை பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப 67 மைக்ரோ விநாடி ஆகும். வைஃபையோ அதற்கு முன்பே பதில் வராவிட்டால் செய்தி தொலைந்தது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். அந்தக் குழு, கேட்டுப் பேசும் விதியையே எடுத்துவிட்டு, இந்த நேரம் உனக்கு, இந்த நேரம் எனக்கு என்று முறை வைத்தது. அந்த ஆய்வு 2007-ல் வெளியானது.

முறை வைக்கும் அந்த எண்ணம் பிற்பாடு தரநிலைக்கே வந்து சேர்ந்தது. வைஃபை 6-ல் ஆக்சஸ் பாயின்ட்டே நீர்க்கட்டி ஆனது. ஒரு சேனலைப் பல துண்டாக வெட்டி, இந்தத் துண்டு ஸ்கேனருக்கு, அந்தத் துண்டு கேமராவுக்கு என்று ஒரே நேரத்தில் பங்கு பிரித்துக் கொடுக்கும். தொழிற்சாலைக்கு வைஃபை 6 வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான், வேகத்துக்காக இல்லை. வைஃபை 7 வந்துவிட்டது. 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் என்கிறார்கள். 6 கிகாஹெர்ட்ஸில் நமக்குத் திறக்கும் 500 மெகாஹெர்ட்ஸில் அப்படி ஒன்றுதான் கொள்ளும். ஷெட்டுக்கு அந்த அகலம் தேவையே இல்லை, சுத்தமான 20 போதும். அடுத்து உருவாகிவரும் வைஃபை 8 வேகத்தை விட்டுவிட்டு நம்பகத்தன்மையை முதல் இலக்காக எடுத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டுகள் தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொள்வது அதில் ஒரு பகுதி. முப்பது ஆண்டு கழித்துத் தரநிலையே அக்கம்பக்கத்துக்கு வந்து நிற்கிறது.

வெயிலையும் உப்பையும் இரண்டு வரியில் சொல்கிறேன். வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில், உலைக்கு மேலே, என்ன வெப்பம் என்று உங்களுக்கே தெரியும். கூரையில் கட்டாமல் தூணில் பத்து, பன்னிரண்டடி உயரத்தில் கட்டுங்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் உப்புக்காற்று ஆண்டெனா கனெக்டரை அரித்துவிடும். மழைக்காலத்துக்கு முன் கழற்றிப் பார்த்துத் துடைத்து மறுபடி டேப் சுற்றுங்கள். எர்த் ஒழுங்காக இருக்கட்டும்.

பாதுகாப்புப் பற்றி ஒன்று. வைஃபையின் முதல் பூட்டான வெப் (WEP) 2001-லேயே உடைந்தது. இன்னும் அதில் ஓடும் பழைய ஸ்கேனர் இருந்தால் தூக்கிப் போடுங்கள். 2004-ன் டபிள்யூ.பி.ஏ. 2 குறைந்தபட்சம், 2018-ன் டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் நல்லது. வேலையை விட்டுப் போனவர் போனிலும் உங்கள் கடவுச்சொல் போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஆளுக்கு ஒரு கணக்கு வைத்தால் அந்தக் கவலை இல்லை.

இதோடு சேர்த்து முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் உலைகளுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைகள் ஷிப்டு முடிந்ததும் தேடுவது வீட்டு முகத்தை. ஷெட்டுக்குள் இருக்கும் வேலை வைஃபையின் கடவுச்சொல்லை யாரிடமாவது கேட்டு வாங்கி வீடியோ கால் பேசுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். தங்குமிடத்தில் தனி சேனலில், தனி பெயரில், தனி இணைப்பு ஒன்று போட்டுக் கொடுங்கள். உங்கள் ஸ்கேனரும் நிம்மதியாக ஓடும், அவர்களும் அம்மாவோடு பேசுவார்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வாணி திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை கொடுக்கலாம். சிப்காட் வாசல் கடைகளுக்கு அது நல்ல வழி.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியோ, காக்களூரோ, திருமழிசையோ, எந்தத் தொழிற்பேட்டையானாலும் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று இருக்கும். சாலை, சாக்கடை, மின்தடை என்று அங்கே பேசுகிறீர்கள். அந்தப் பட்டியலில் சேனலையும் சேருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஷெட் எண், எத்தனை ஆக்சஸ் பாயின்ட், எந்தச் சேனல், எவ்வளவு அகலம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஐந்து கட்டம். 2.4-ல் 1, 6, 11 தவிர வேறு எதிலும் யாரும் வைப்பதில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். 3-லும் 8-லும் வைக்கிறவர் இரண்டு பேரைக் கெடுக்கிறார், தானும் கெடுகிறார். 40 அகலத்தை 2.4-ல் யாரும் திறப்பதில்லை என்று முடிவுசெய்யுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இருபதுக்கும் மேற்பட்ட சேனல் இருக்கிறது. எதிரெதிர் ஷெட்டுகள் வெவ்வேறு எடுத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்றால், இதோ இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐ.டி.ஐ. மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு போன், இலவச ஆப் ஒன்று, தெருவுக்கு இரண்டு பேர். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், சேவை என்று சொல்லி வாங்காதீர்கள். ஆயுதபூஜை விடுமுறையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ எடுக்க வேண்டாம். உலை அணைந்து கிரேன் நிற்கும்போது காற்று வேறு மாதிரி இருக்கும். பகல் ஷிப்டு முழு ஓட்டத்தில் இருக்கும்போது ஒருமுறை, இரவு ஷிப்டில் ஒருமுறை எடுங்கள். முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவின் எண்களைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.